இரண்டு பேர் பிடிக்கும் ரம்பம்

என் கணவர் முதல் சங்கிலி ரம்பத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு முட்டுச்சந்தில், கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். அவருக்கு பஸ் பட்டறையில் மெக்கானிக் வேலை. நான் வீட்டிலிருந்தபடி ரவிக்கை தைத்துக் கொடுப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனவர், அப்படியே சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தைக்கும் ஒரு நடை போய்விட்டு, திரிஷா என்கிற மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் வந்து இறங்கினார். பக்கத்தில் கோணிச் சாக்கு சுற்றிய ஏதோ ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மீனைக் காணோம்.

"என்னங்க இது?"

"ரம்பம். பட்டாளத்துக்காரன் விட்டுட்டுப் போனது. பெட்ரோல்ல ஓடும்."

"எதை அறுக்கறதுக்கு?"

கொஞ்சம் யோசித்தார். "முதல்ல ஓடட்டும்."

எங்கள் சந்தில் ஒரு முருங்கை மரம்கூடக் கிடையாது. இருந்தாலும் இரண்டு பேருமாகத் தூக்கி மாடிக்கு ஏற்றினோம். ஒரு முனையில் மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் போல ஒன்று. அதிலிருந்து நீளமான இரும்புப் பட்டை. பட்டையைச் சுற்றிப் பல்லு வைத்த சங்கிலி. மறுமுனையில் இன்னொரு கைப்பிடி. இன்ஜின் பக்கம் ஒருவர், நுனிப் பக்கம் ஒருவர் என்று இரண்டு பேர் பிடித்தால்தான் மரம் அறுக்க முடியும். துருவும் கரிப்பிசினுமாக, எது இரும்பு எது அழுக்கு என்று தெரியாமல் இருந்தது.

அன்று முதல் எங்கள் வீட்டுச் சாம்பாரில் மண்ணெண்ணெய் வாசம். கார்ப்பரேட்டர் என் இட்லித் தட்டில் கிடந்தது. திருகாணிகளை என் பித்தான் டப்பாக்களில் பிரித்துப் போட்டிருந்தார். நான் சண்டை போட்டேன். தட்டைத் திருப்பிக் கொடுத்தார். டப்பாக்கள் திரும்பவே இல்லை. ஓடாது என்று ஊரே கைவிட்ட இன்ஜின் எதைப் பார்த்தாலும் அவருக்கு அப்படியொரு பாசம். பட்டறையில் நாளெல்லாம் பஸ்ஸோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவர், இதன் முன்னால் உட்கார்ந்தால் முகம் தெளிந்துவிடும். அதைப் பார்த்த பிறகு எவ்வளவு நேரம்தான் கோபப்படுவது?

சங்கிலியைத் தீட்டும் வேலை எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பல்லாக அரம் போட வேண்டும், ஒரே சாய்வில். அவருக்குப் பொறுமை போதாது. பத்துப் பல்லுக்கு மேல் அரம் கோணிக்கொள்ளும். தையல் போடுகிறவளுக்கு அது பெரிய காரியமில்லை. ரேடியோவில் பாட்டு ஓட, ஜன்னலோரம் உட்கார்ந்து தீட்டினேன். வெளியே சொல்லவில்லையே தவிர, எனக்குப் பிடித்திருந்தது.

முதல் முறை இன்ஜின் பேசியது பின்கட்டில். கயிற்றை இழுத்து இழுத்து அவர் தோள் கழன்ற நேரத்தில் திடீரென்று உறுமியது. நீலப் புகை சுவரேறிப் போய்ப் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வேட்டிகளை எல்லாம் புள்ளி வேட்டிகளாக்கியது. கீழ்வீட்டில் மளிகைக் கடை வைத்திருந்த பாய்தான் எங்களுக்கு வீட்டுக்காரர். நாகூர்ப் பக்கத்துக்காரர், பேச்சில் இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டவர், குரல் உயர்த்தியே நாங்கள் கேட்டதில்லை. அன்று கல்லாவை விட்டு ஓடி வந்தார்.

"தம்பி, என்ன இது! அரிசி மூட்டையெல்லாம் நடுங்குது. இந்த வேலை இங்க வேணாம் லா!"

அவர் சொன்னது நியாயம்தான். ரம்பம் சாக்குக்குள் போயிற்று.

கணவரோடு வேலை செய்த சீன லாரி டிரைவர் ஒருவருக்கு, புக்கிட் பாத்தோக் குன்றுப் பக்கம் சின்ன ரப்பர்த் தோட்டம் இருந்தது. பால் வற்றிய மரங்களை வெட்டிவிட்டுக் காய்கறி போட நினைத்திருந்தார். அடுத்த ஞாயிறு அவர் லாரியிலேயே ரம்பத்தை ஏற்றிக்கொண்டு போனோம். நுனியைப் பிடிக்க அவர் முன்வந்தார். இன்ஜின் கிளம்பியது. நின்ற மரத்தை அறுக்கப் பட்டையைப் படுக்கைவாட்டில் சாய்த்தார்கள். சாய்த்த உடனே இன்ஜின் நின்றுவிட்டது.

"மாத்தி!" என்றார் டிரைவர். மலாயில் செத்துப்போச்சு என்று அர்த்தம்.

நிமிர்த்தினால் ஓடியது, சாய்த்தால் நின்றது. மத்தியானம்வரை அதே கதை. என் கணவர் கார்ப்பரேட்டரைக் கழற்றுவார், ஊதுவார், மாட்டுவார். டிரைவர் ஒவ்வொரு முறையும் ஒரு புதுச் சோகத்தோடு "மாத்தி லா" என்பார். கடைசியில் எனக்குச் சிரிப்பு அடக்க முடியாமல் போய், மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான், இன்ஜினும் பட்டையும் சேரும் இடத்தில் வட்டமாக ஒரு கோடு ஓடுவதைப் பார்த்தேன். பெயின்டும் துருவும் அதை மூடியிருந்தன. பக்கத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு குமிழ்.

"என்னங்க, இது சுத்துமோ?"

"அது சும்மா மூடி."

"சும்மா மூடிக்கு எதுக்குக் குமிழு?"

குனிந்து பார்த்தார். எழுந்திருக்கவே இல்லை. இரவு முழுக்க அந்த இடத்தை எண்ணெயில் ஊறப்போட்டு, காலையில் மரச்சுத்தியால் தட்டினார். கடக்கென்று பட்டை மட்டும் திரும்பிப் படுத்துக்கொண்டது. இன்ஜின் நிமிர்ந்தபடியே நின்றது. கார்ப்பரேட்டர் சாயக் கூடாது என்பதற்காக அதைச் செய்தவனே வைத்த வழி அது. அவர் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார், புடவையெல்லாம் கிரீஸ்.

மறு ஞாயிறு நுனியை நான் பிடித்தேன். டிரைவருக்குப் போன வார அலுப்பு. மரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். முந்தானையை இறுக்கிச் செருகி, காதில் பஞ்சு அடைத்துக்கொண்டேன். கை, தோள், பல் எல்லாம் ஆடியது. மரத்தூள் மழையாகக் கொட்டியது. முதல் மரம் நாங்கள் நினைத்த பக்கமே சாய்ந்தபோது டிரைவர் எழுந்து கை தட்டினார்.

அதன்பிறகு என் கணவருக்கு ஒன்றோடு மனசு நிற்கவில்லை. எங்கே ஒரு பழைய ரம்பம் கிடந்தாலும் செய்தி வந்துவிடும். அறுபதுகள் பிறந்தபோது கட்டிலுக்கு அடியில் ஒன்று, மாடிப்படி வளைவில் ஒன்று, டிரைவரின் கொட்டகையில் இன்னும் சில என்று ஆகியிருந்தது. சந்தில் எங்கள் வீட்டுக்கு ரம்பவீடு என்று பெயர்.

பாயின் மூத்த மகளுக்கு நிக்காஹ் வைத்திருந்த நாள். விடிந்தும் விடியாமலும் சுமத்ராக் காற்று, கடல் தாண்டி வரும் திடீர்ப் புயல், வந்து அடித்தது. மழை விட்டதும் எட்டிப் பார்த்தால், சந்து முனையில், பெரிய ரோட்டோரமாக நின்ற தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து வழியை அடைத்துக் கிடந்தது. எங்கள் சந்துக்கு இருந்தது அந்த ஒரு வாய்தான். மாப்பிள்ளை பட்டுச் சட்டையோடு கிளைகளுக்கு நடுவே நுழைந்து, தாண்டிக் குதித்து வந்துவிட்டார். பிரியாணி குதிக்குமா? ஃபேரர் பார்க் பக்கத்தில் சமைத்து ஏற்றிவந்த தேக்சாக்கள், மூடி மேல் தணலோடு, லாரியில் அந்தப் பக்கம் நின்றன. அந்தச் சூட்டோடு அத்தனை பெரிய பாத்திரத்தைக் கிளைகளுக்கு மேல் யார் தூக்குவது?

பாய் மாடிப்படியில் ஏறி வந்தார். அத்தர் வாசனை அவருக்கு முன்னால் வந்தது.

"தம்பி, அந்த ரம்பம் ஓடுதா இப்போ?"

"ஓடும் பாய். சத்தம் வருமே."

"வரட்டும் லா! ஊருக்கே கேக்கட்டும்."

நான் கல்யாணத்துக்கென்று பட்டுப்புடவை கட்டியிருந்தேன். மாற்ற நேரமில்லை, அதையே வரிந்து கட்டிக்கொண்டேன். சந்து முழுக்கக் கூட்டம். நான் நுனிக் கைப்பிடியைப் பிடித்ததும் யாரோ, "என்னப்பா, பொம்பளையா புடிக்கப் போறாங்க?" என்றார். இன்ஜின் சத்தத்தில் மீதி கேட்கவில்லை.

கிளைகள் வெண்ணெயாக அறுந்தன. பையன்களும் மாப்பிள்ளை வீட்டாரும் இழுத்து ஒதுக்கினார்கள். அடிமரத்தின் பாதியில் சங்கிலி சிக்கிக்கொண்டது. மரத்தின் பாரம் வெட்டை இறுக்கிவிட்டது. ஆப்பு அடிக்க வேண்டும், சுத்தி டிரைவரின் கொட்டகையில் கிடந்தது. பாய் வீட்டம்மா உள்ளேயிருந்து உலக்கையைக் கொடுத்தனுப்பினார். பாயே அதை வாங்கி, கல்யாணச் சட்டையின் கையை மடித்துவிட்டு, பிஸ்மி சொல்லி ஓங்கி இடித்தார். இரண்டாவது இடியில் வெட்டு வாயைத் திறந்தது. பிறகு ரம்பம் நிற்கவில்லை. சாலை வேலைக்காரர்கள் கைவாளோடு வந்து சேர்ந்தபோது, லாரி நுழையும் அளவுக்கு வழி திறந்திருந்தது. அவர்களையும் சாப்பிட உட்காரவைத்தார் பாய்.

தலையெல்லாம் மரத்தூளோடு நான் பெண்கள் பக்கம் போனேன். மணப்பெண் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அம்மா ஒரு தட்டில் இறைச்சியாகப் பொறுக்கி வைத்து, "கையெல்லாம் கிரீஸா இருக்கே, ஊட்டி விடவா தங்கச்சி?" என்றார். வாயைத் திறந்தேன்.

அதற்குப் பிறகு பின்கட்டில் சத்தம் போட எங்களுக்குத் தடை இருக்கவில்லை.

அறுபதுகளின் கடைசியில் அடுக்குமாடி வீட்டுக்கு மாறினோம். ரம்பங்கள் எல்லாம் புக்கிட் பாத்தோக் கொட்டகைக்குப் போயின. ஞாயிறுதோறும் பிள்ளைகளோடும் கட்டுச்சோற்றோடும் பஸ் ஏறி நாங்களும் போவோம். ஒருநாள் டிரைவர், ஒரே ஆள் பிடிக்கும் சின்ன ரம்பம் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தார். கார்ப்பரேட்டர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நிற்காது. என் கணவர் அதைச் சுத்தம் செய்து, கிளப்பி, ஒரு கட்டையை அறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நீ ஓட்டிப் பாரு."

ஓட்டினேன். என்ன லேசு! கிடந்த கட்டைகளை வரிசையாகத் துண்டு போட ஆரம்பித்தேன்.

"போதும், இப்படிக் குடு," என்றார் அவர்.

காதில் பஞ்சு இருந்ததால் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.