ராயக்கோட்டையில் வாங்கிய குதிரை

என் வீட்டுக்காரர் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி அணைப் பக்கம் ஒரு பெங்களூர்க்காரரின் தோட்டத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளப் போனார். அதிலிருந்து வீட்டில் குதிரைப் பேச்சுதான். எனக்கு முட்டி வலி என்றால் தைலம் அலமாரியில் இருக்கிறது என்பார். குதிரைக்குக் கால் லேசாக வீங்கினால் அவருக்குச் சோறு இறங்காது.

முதலாளியின் மகளுக்கு டிரெஸ்ஸாஜ் பழக ஒரு குதிரை வேண்டுமாம். மேலே உட்கார்ந்திருப்பவர் கையும் காலும் அசைவதே தெரியாது, குதிரை அவர் நினைத்தபடி அடி வைத்து நடக்கும், அந்த வித்தைக்கு அப்படிப் பேர் என்றார். வெளிநாட்டுக் குதிரை வேண்டாம், இங்கேயே ஒன்று பார் என்று முதலாளி சொல்லிவிட்டார். ராயக்கோட்டையில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் ஒரு தெலுங்குக் குடும்பம், வெள்ளைப் பெண் குதிரை ஒன்றை விற்பதாகத் தெரிந்து என்னையும் கூட்டிப்போனார். அவர் சேலத்துக்காரர், தெலுங்கு வராது. எனக்கு வரும். அதற்குத்தான் நான்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வழக்கம்போல அவர் முன்னால் விறுவிறுவென்று போனார். நான் சந்தையின் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே பின்னால் ஓடினேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் முதுகைப் பார்த்துத்தான் நடந்திருக்கிறேன்.

அங்கே குதிரைக்குச் சலங்கை கட்டி, மாலை போட்டு, பம்பைக்காரரையும் வரவழைத்திருந்தார்கள். வித்தைக் குதிரை என்று போனில் கேட்டால் அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? பம்பை அடித்ததும் அது குதித்து ஆடியது. இவர் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் பக்கத்தில் போய்க் கழுத்தைத் தடவி, காலை மேலிருந்து கீழே நீவி, "பயப்படாதடி ராசாத்தி" என்றார்.

ராசாத்தி. என்னை இதுவரை "இந்தா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அந்த மிருகத்தின் கண் இமையைப் பார்த்தேன். அதுகூட என்னுடையதைவிட நீளம்.

பம்பையை நிறுத்தி நடக்கவிட்டார்கள். ஆண்கள் யார் கயிற்றைப் பிடித்தாலும் அது ஆடத்தான் பார்த்தது. கிளம்பலாம் என்று இவர் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அப்போது விற்பவரின் மனைவி, ஆண்கள் பிடித்தால் ஊர்வலம் என்று நினைத்துக்கொள்ளும், தண்ணீருக்கு நான் ஓட்டிப்போகும்போது சாதுவாக நடக்கும் என்று தெலுங்கில் சொன்னாள். எனக்கு அதை இவரிடம் சொல்ல மனசே இல்லை. வாய் சொல்லிவிட்டது.

"அந்தம்மா பழகுன கை, நடக்கத்தான் செய்யும். நீ புடி, பாக்கலாம்," என்றார்.

கயிற்றை வாங்கிப் பிடித்தேன். சலங்கையைக் கழற்றியிருந்தார்கள். நான் மெதுவாக நடந்தால் அதுவும் மெதுவாக நடந்தது. முட்டி வலித்து நின்றால் நின்றது. அதன் தலை என் தோளுக்கு நேராகவே வந்தது, ஒரு அடி முன்னே போகவில்லை. அவர் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை இல்லை, குளம்புகளை.

"இதான்," என்றார். பேசி முடித்தார்கள்.

திரும்பும் பஸ்ஸிலும் அதே பேச்சு. அதில் அப்படி என்னத்தைக் கண்டீர்கள் என்று கேட்டேன்.

"கூட வர்றவங்க நடைக்குத் தக்கன நடக்குது பாரு. அதெல்லாம் சொல்லிக் குடுத்து வராது."

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. "அதுக்கு வந்திருக்கு. உங்களுக்கு இன்னும் வரலியே," என்றேன்.

ஓசூரில் இறங்கி வழக்கம்போல முன்னால் போனார். பூக்கடை தாண்டி நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்தார். செருப்பு நன்றாகத்தான் இருந்தது. நான் போய்ச் சேர்ந்ததும் பக்கத்திலேயே நடந்து வந்தார், ராசாத்திக்கு நாளைக்குக் கொள்ளு ஊறவைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே.