இரண்டு அரக்குப் பொட்டு

பேய், காத்து, கருப்பு எதையும் நான் நம்பியவன் இல்லை, பிள்ளைகளே. தோட்டத்து லைன் வீடுகளில் முனியாண்டி பூசையில் ஆளாளுக்கு அருள் வந்து ஆடும்போதுகூட நான் பின்னால் நின்று பானகம் ஊற்றிக் கொடுக்கிற ஆள், உங்கள் அம்மாவைக் கேட்டால் சொல்வாள். கமலா, நீ காலேஜில் கெமிஸ்ட்ரி படிக்கிறவள், இதைப் படித்துவிட்டு அப்பாவுக்கு வயசாகிவிட்டது என்று தம்பிகளிடம் சொல்லிச் சிரிப்பாய். சிரி, பரவாயில்லை. ஆனால் போன மாதக் கடிதத்தில், உங்கள் லேப்புக்கு ஐசோசயனேட் என்று ஒரு மருந்து வந்திருக்கிறது, கண்ணைக் கரிக்கிறது என்று எழுதியிருந்தாய் பார், அந்தப் பேரைப் படித்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அது மலாயாவில் எமர்ஜென்சி காலம், கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட சமயம். நீ அம்மா வயிற்றில் ஏழு மாசம். ரெம்பியா பக்கத் தோட்டத்தில், ரப்பர் ஃபேக்டரிக்குப் பின்னால் இருந்த சின்ன லேப்பில் எனக்கு வேலை. கண்ணாடிச் சாமான் கழுவுவது, காயவைப்பது, நிறுத்துக் கொடுப்பது. எனக்கு மேலே ஆறுமுகம் அண்ணன், ஆளும் பெரிசு, கையும் பெரிசு. நான் ஏழாம் வகுப்போடு நின்றவன் என்பதால் அவர் என்னைப் பேர் சொல்லியே கூப்பிட்டதில்லை, “டேய் ஏழாம் கிளாஸு” என்றுதான் கூப்பிடுவார். எங்கள் இரண்டு பேருக்கும் மேலே வெள்ளைக்காரக் கெமிஸ்ட் துரை.

ரப்பர் பாலை உறையவைத்த பிறகு மிஞ்சுகிற தண்ணீரிலிருந்து இனிப்பான ஒரு வெள்ளைத் தூள் எடுக்கலாம். துரைக்கு அதன் மேல் பைத்தியம். அந்தத் தூளை ஃபினைல் ஐசோசயனேட்டோடு சேர்த்துப் படிகமாக்கி, மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்து, எந்தச் சூட்டில் உருகுகிறது என்று பார்ப்பார். அதை வைத்துத்தான் தூள் இன்னது என்று முடிவு செய்வார். “ஆளு பொய் சொல்லுவான், உருகுற சூடு சொல்லாது” என்பார் ஆறுமுகம் அண்ணன். கண்ணில் நீர் வரவழைக்கிற அந்த மருந்துக்கு அவர் வைத்த பேர் அழுமூஞ்சி. அழுமூஞ்சிக்கு ஈரம் ஆகாது. காற்றில் இருக்கிற ஈரம் பட்டாலே வெள்ளையாகக் கட்டிப்போகும், கூடவே வாயுவும் கிளம்பும். நம் ஊர் மழைக்கு அதைக் காப்பாற்றுவது பச்சைப் பிள்ளையைக் காப்பாற்றுகிற மாதிரிதான்.

ஒரு தடவை குப்பி ஒன்று உடைந்தது, தரையைத் துடைத்தவர் அண்ணன். அதோடு அது அவர் நெஞ்சில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு, எங்களுக்கு வாசனையே தெரியாதபோதும், மூடி கொஞ்சம் தளர்ந்திருந்தால் வாசலிலேயே அவருக்கு இருமல் வந்துவிடும். இரண்டு குட்டை, ஒன்று நீளம், முடிவில் விசில் மாதிரி ஒரு இழுப்பு. துரை அவரை ஸ்டோருக்கு மாற்றினார். அப்படியும் அந்த மழைக்காலத்தில் மூச்சு முட்டி, அலோர் காஜா ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் புதுசாக ஒரு குப்பி அழுமூஞ்சி வந்தது. துரை இங்கிலாந்துக்கு எழுதிப்போட்டு, கப்பலில் சிங்கப்பூர் வந்து, ரயிலில் தம்பின் ஸ்டேஷன் வந்து சேர ஐந்து மாசம். போலீஸ் பெர்மிட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான்தான் போய் எடுத்து வந்தேன். கண்ணாடிக் குப்பியைச் சுற்றி மரத்தூள் அடைத்து, வெளியே தகர டின். பார்த்தால் கொஞ்சம் பெரிய பால் டின் மாதிரிதான் இருக்கும்.

அப்போது தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி, வாசலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். உள்ளே போகிற சாப்பாட்டு டின் எதுவாக இருந்தாலும் அங்கேயே இரண்டு ஓட்டை குத்திவிடுவார்கள், ஓட்டை போட்டால் கெட்டுப்போகும், காட்டுக்குள் இருக்கிறவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது என்பது சட்டம். அன்றைக்கு நின்றவன் ஒரு மலாய்க்காரப் பையன், புதுசு. பெர்மிட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு என்ன இது என்று கேட்டான். எனக்கு அரைகுறை மலாய். ரப்பர் பாலுக்குப் போடுகிற மருந்து என்று சொல்ல நினைத்து, “சூசு கெத்தா” என்று ஆரம்பித்தேன். சூசு என்றால் பால், அந்தச் சொல் அவன் காதில் விழுந்ததுதான், மீதியைக் கேட்கவில்லை. பால் டின் என்று வைத்து, சுண்டுவிரல் பருமன் இருந்த கம்பியால் மேல் தகட்டில் இரண்டு குத்து. உள்ளே கண்ணாடி கிரீச்சென்று விரிசல் விட்டது எனக்குக் கேட்டது.

நான் நேரே துரையிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஐந்து மாசம் காத்திருந்த மருந்து, வேலை போனால் லைன் வீடும் போகும், அம்மாவின் வயிறு அப்படி. துரை வேறு அந்த வாரம் முழுக்க மலாக்கா டவுனில். சாம்பிள் குப்பிகளுக்கு முத்திரை வைக்கிற சிவப்பு அரக்கை உருக்கி, இரண்டு ஓட்டையிலும் ஊற்றி, சூடு ஆறுவதற்குள் கட்டைவிரலால் அழுத்தி மூடி, அலமாரியில் வைத்துவிட்டேன். யாருக்கும் தெரியாது. உங்கள் அம்மாவுக்குக்கூட இன்றுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்கப் போனேன். தெளிவாகத்தான் இருந்தார், புதன்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் அவர் சம்சாரம் செல்லம்மா அக்கா.

“அழுமூஞ்சி வந்து சேர்ந்துச்சா?”

“வந்துருச்சுண்ணே.”

“டின்னு எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குண்ணே.”

“நல்லா இருந்தா எனக்கு ஏன்டா இங்க இருந்தே நெஞ்ச அடைக்குது” என்றார். அக்கா சிரித்தது, நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பகல் மூன்று மணி இருக்கும். கொட்டுகிற மழை. துரை மறுநாள் வருகிறார் என்று குடுவைகளைக் காயவைத்து, அந்த அலமாரிக்கு எதிரிலேயே உட்கார்ந்து துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே இருமல் கேட்டது. இரண்டு குட்டை, ஒன்று நீளம், இழுப்பு. ஒரு நாள் முன்னாலேயே அனுப்பிவிட்டார்கள் போல, மழையில் நனைந்துகொண்டு வந்திருக்கிறாரே என்றுதான் நினைத்தேன், வேறு எதுவும் தோன்றவில்லை. அப்புறம் குரல்.

“டேய் ஏழாம் கிளாஸு, வெளிய வா.”

நம்பினால் நம்புங்கள், நீங்கள் எதிரில் நின்று பேசினால் எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டது. துணியைப் போட்டுவிட்டு எழுந்து வாசலைத் தாண்டினேன். யாரும் இல்லை. செம்மண் பாதையில் மழைத்தண்ணீர் ஓடுகிறது, ஒரு கால் தடம் கிடையாது. அண்ணே என்று வாயைத் திறக்கிறேன், பின்னால் அலமாரி வெடித்தது.

நான் உட்கார்ந்திருந்த முக்காலியில் விரல் நீளத்துக்குக் கண்ணாடி குத்தி நின்றது. புகை வாசல் வழியாக என் மேலேயே உருண்டு போனது. முப்பது அடி தள்ளி ஃபேக்டரியில் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு ஓடினார்கள். நடுப்புகையில் நின்ற எனக்கு ஒரு தும்மல் இல்லை. கண் நனையவில்லை.

சாயங்காலம் ஆபீசுக்குப் போன் வந்தது. ஆறுமுகம் அண்ணன் போய்விட்டார். ஊரடங்கு நேரம், அன்றைக்குப் போக முடியவில்லை, விடிந்த பிறகுதான் லாரியில் போனோம். பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார், மத்தியானம் சாப்பிட்டு நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மனுசன், மூன்று மணி சுமாருக்குத் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீராகக் கொட்ட, புகைக்குள் மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி இருமினாராம். வார்டில் ஒரு வாசனையும் இல்லையாம்.

செல்லம்மா அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்தது.

“இதப் புடிச்சுக்கிட்டே போயிட்டாரு தம்பி. வெரல பிரிக்கவே முடியல. என்னா இது, உங்களுக்குத் தெரியுமா?”

இரண்டு சிவப்பு அரக்குப் பொட்டு. மேலே கட்டைவிரல் பதிந்த ரேகை. குறுக்கே வெட்டுத் தழும்பு. பால்மரம் சீவக் கற்றுக்கொண்ட வயதில் கத்தி பட்டு என் கட்டைவிரலில் விழுந்த தழும்பு உங்களுக்குத் தெரியும், சின்ன வயதில் தொட்டுத் தொட்டு விளையாடியிருக்கிறீர்கள்.

“தெரியலக்கா” என்றேன். ஸ்டோர் சாமான் போல இருக்கிறது, கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன்.

துரை வந்து டின் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு ஓட்டையும் சுத்தமாகத் திறந்திருந்தன. வாசலில் குத்திவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். “ஓட்டை திறந்திருந்தால் வாயு போய்விடுமே, பிறகு எப்படி வெடிக்கும்?” என்று கேட்டார். சீமைக்குத் திரும்புகிறவரை அவருக்கு அது புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. ஆனால் அடைத்து வைத்தது நான் என்று நான் வாய் திறக்கவில்லை. அடைக்காமல் விட்டிருந்தால் மருந்து கெட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான். ஒரு ஆள் போயிருக்க மாட்டார்.

ஒருநாள் யாரும் இல்லாத நேரம், அந்தப் பொட்டில் ஒரு துணுக்கும் லேப் அரக்குக் குச்சியில் ஒரு துணுக்கும் எடுத்து, இரண்டு குழாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சூடேற்றினேன். ஒரே சூட்டில் இளகின. அதே அரக்குதான். அண்ணன் சொன்ன மாதிரி அது பொய் சொல்லவில்லை.

பிறகு பொட்டைத் திருப்பிப் பார்த்தேன். தகட்டோடு ஒட்டியிருந்த அடிப்பக்கம் தகடு மாதிரி வழுவழுப்பாக இருக்க வேண்டும். விரல் போக வழியே இல்லாத பக்கம் அது. அங்கேயும் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. என்னுடையதைவிடப் பெரிய விரல். தழும்பு இல்லை.

இரண்டும் என் துணி அலமாரியில், பழைய பவுடர் டப்பாவில் இருக்கின்றன. செல்லம்மா அக்கா போய்ச் சேர்ந்துவிட்டது, அதனிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிவிட்டேன். கமலா, அந்த மருந்தை எடுக்கும்போது டின்னிலோ மூடியிலோ ஏதாவது கோளாறு தெரிந்தால் மறைக்காதே, வாத்தியாரிடம் அப்போதே சொல். அப்புறம், பின்னால் யாராவது இருமுகிற மாதிரிக் கேட்டால், யாரென்று யோசித்துக்கொண்டு நிற்காதே. வெளியே வந்துவிடு.