மெட்ராஸிலிருந்து பிராங்பேர்ட், பத்து மணி நேரம்

மகள் பிராங்பேர்ட்டிலிருந்து வருகிறாள். டிக்கெட்டைக் கைபேசியில் அனுப்பிவிட்டு, "பத்தே மணி நேரந்தானுங்கப்பா, வந்துருவேன்" என்றாள். உடனே தூரத்தைத் தேடிப் பார்த்தேன். ஏழாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் சொச்சம். சரியாகத்தான் சொல்கிறாள். இருந்தும் இன்னும் இரண்டு முறை தேடிப் பார்த்தேன். வெளியே நான்கு நாளாக மழை. கொடியில் கிடந்த துண்டில் காயாத துணியின் வாடை. அந்த வாடையும் அந்தப் பத்து மணி நேரமும் சேர்ந்து வந்தால் எனக்கு ஆகாது.

அந்தக் கணக்கை நான் முதலில் போட்டது எண்பதுகளின் கடைசியில். திருப்பூர் மங்கலம் ரோட்டில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் ஷிப்பிங் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி பழனிச்சாமி அண்ணன், தன் தோட்டத்தை விற்றுத் தொடங்கியது. நாற்பத்திரண்டு பேர் வேலை செய்தோம். முதல் வெளிநாட்டு ஆர்டர், குழந்தைகள் பனியன், எண்பத்து நான்கு பெட்டி. (மூன்று முறை எண்ணினேன். எதையும் மூன்று முறை எண்ணாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.) சாயம் போட்ட துணி மேகமூட்டத்தில் காயாமல், விரித்துப் போட்ட வெறுங்காட்டிலேயே கிடந்ததில் கப்பலைத் தவறவிட்டோம். மாதக் கடைசிக்குள் விமானத்திலாவது போய் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் ஆர்டர் ரத்து, கம்பெனிக்கும் பூட்டு. கையில் பதினாறு நாள் இருந்தது.

பேக்கிங் மேஜையில் பள்ளிக்கூட அட்லஸை விரித்து, கோனிலிருந்து கொஞ்சம் நூலை இழுத்து, மெட்ராஸுக்கும் பிராங்பேர்ட்டுக்கும் நடுவே வைத்து அளந்தேன். விமானத்தின் வேகத்தால் வகுத்தேன். பத்து மணி நேரம். என்னவோ நானே ஓட்டப் போகிறவன் போல ஒரு பெருமை.

பேக்கிங்கில் சவரியம்மா அக்கா இருந்தார். ஈரம் பார்க்க அவருக்குக் கன்னம்தான் மெஷின். அயர்ன் போட்டு மடித்த பனியனைக் கன்னத்தில் ஒத்திக்கொண்டு சொன்னார்:

"ஏனுங்க, இன்னும் சில்லுனு இருக்குதுங்க. ஒரு வெயிலு காட்டிப் போடலாமுங்க."

"பத்து மணி நேரந்தானுங்கக்கா. அதுக்குள்ள என்ன ஆயிரும்?"

"யாரு சொன்னாங்க? உங்க நூலுங்களா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. முதலாளி என் முகத்தையே பார்த்தார். "பேக் பண்ணுங்க" என்றேன். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி, லாரி ஏற்றினோம். மறுநாள் திருப்பூரில் சுள்ளென்று வெயில் அடித்தது.

மெட்ராஸ் விமான நிலையத்தில் சரக்குக்கு இடமில்லை. இன்று, நாளை என்று ஒன்பது நாள் பெட்டிகள் ஷெட்டில் கிடந்தன. பிறகு பறந்தது பத்து மணி நேரம்தான். என் கணக்கில் பிழையில்லை. தேதிக்குள் இறங்கியும் விட்டது. நான்காம் நாள் ஜெர்மன்காரர்களிடமிருந்து டெலக்ஸில் செய்தி வந்தது: பைக்குப் பை கரும்புள்ளி, நாற்றம், எடுக்க முடியாது.

முதலாளி திட்டவில்லை.

"எத்தன மணி நேரமுன்னு சொன்னீங்க?"

"பத்துங்கண்ணா."

"செரீங்க."

இரண்டு மாதத்தில் மெஷின்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. சவரியம்மா அக்கா வேலை தேடிப் பெருமாநல்லூர் பக்கம் போனார். முதலாளி வெள்ளகோவிலில் மச்சான் வீட்டோடு போய்ச் சேர்ந்தார்.

துணி காய்ந்த காட்டில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. துணியை மெஷினே உலர்த்திவிடுகிறது. கன்னத்தில் ஒத்திப் பார்க்க ஆளில்லை. வெள்ளகோவிலுக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். இத்தனை வருடத்தில் நூறு முறையாவது அதைக் கணக்குப் போட்டிருப்பேன். ஒருமுறைகூடப் போகவில்லை. இப்போது ரோடு அகலமாகிவிட்டது, இன்னும் சீக்கிரம் போய்விடலாம் என்கிறார்கள். முதலாளி போன தை மாதமே தவறிவிட்டார்.