நடுங்கும் பலகையும் மாமனாரின் வேட்டியும்

அந்த மெஷினை முதன்முதலில் பார்த்தவர்கள் எல்லோரும் எடை பார்க்கும் மெஷின் என்றுதான் நினைத்தார்கள். ஏறி நின்று, குனிந்து முள்ளைத் தேடுவார்கள். நான் சுவிட்சைப் போட்டதும் காலுக்கடியில் பலகை கிடுகிடுவென்று நடுங்கும். "எ... எ... என்னலே இது" என்று பேச்சு துண்டு துண்டாக வரும். தோள் துண்டு நழுவிக் கீழே விழும். பல்செட் வைத்திருந்த ஒருவர் மறுநாளிலிருந்து அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏறினார்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், முன்பு பருத்தி மூடை அடுக்கிய கிட்டங்கி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, வெளியூர்க் கம்பெனி ஒன்று அப்படி நான்கு மெஷின்களைக் கொண்டுவந்து வைத்திருந்தது. வயதானவர்களுக்கு முழங்காலில் பலம் வரும், தொடைச் சதை இறுகும், மூன்று மாதம் இலவசமாக ஏறிப் பார்க்கலாம், பிடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். தீப்பெட்டி ஆபீஸில் மூடை சுமந்து, இடுப்புப் பிடித்து, வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அங்கே வேலை கிடைத்தது. ஐந்தாவது வரை படித்தவனுக்கு ஏற்ற வேலைதான். செருப்பை வெளியே விடச் சொல்ல வேண்டும், சுவிட்ச் போட வேண்டும், எத்தனை தடவை உட்கார்ந்து எழுகிறார்கள் என்று சத்தமாக எண்ண வேண்டும். சுவிட்ச் போட வந்தது. மற்ற இரண்டும் வரவில்லை. நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் எனக்குச் சத்தம் தொண்டையோடு நின்றுவிடும்.

சொல்லிக்கொடுக்க மதுரையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். எல்லோருக்கும் அவர் மேடம். "சும்மா ஏறி நின்னா பத்தாதுங்க. பின்னால நாற்காலி இருக்குன்னு நினைச்சுக்கிட்டு, பாதி வரைக்கும் உக்காந்து மெதுவா எந்திரிக்கணும். பலகை ஆடும்போது சதை தன்னால இறுகும்" என்பார். அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயரும் சொன்னார். அது யார் வாயிலும் நுழையவில்லை. குத்தவைப்பு என்று அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள்.

தினமும் முதல் ஆளாக வருகிறவர் ஜவுளிக்கடை பாய். கடையை மகன்களிடம் விட்டுவிட்டு, வாயை மட்டும் தன்னோடு எடுத்துக்கொண்டு வந்தவர். நான் எண்ணுவதைக் கேட்டு இரண்டாம் நாளே பிடித்துக்கொண்டார். "தம்பி, சத்தத்த வீட்டுல பூட்டி வச்சிட்டு வந்துட்டீங்களா? எனக்கே காது மந்தம். நான் பாதியில நிக்கேன், நீங்க எத்தனையில நிக்கீங்கன்னு ஒண்ணும் தெரியலயே!"

நான் சிரித்து மழுப்பினேன்.

இந்த வேலையைப் பற்றி வீட்டில் சொன்னபோது என் மனைவிக்குச் சட்டென்று அவளுடைய அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

மாமனாருக்கு எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் பக்கத்தில் கிராமம். கொஞ்சம் கரிசல் காடு, மழை பெய்தால் கம்பும் சோளமும், பெய்யாவிட்டால் கருவேலம். அவருக்கு உசிர் அதிலெல்லாம் இல்லை, ஒரு செவலை மாட்டில் இருந்தது. அதை அவர் மட்டும்தான் கறப்பார். குத்தவைத்து உட்கார்ந்து, செம்பை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு கறக்க வேண்டும். முந்தின கன்று போட்டிருந்த போன ஈத்தில் ஒருநாள் கறந்து முடித்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. கைக்கு வாகாக இருந்தது என்று மாட்டின் பின்னங்காலைப் பிடித்திருக்கிறார். செவலை ஓர் உதை விட்டது. பால் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். பார்த்துக்கொண்டிருந்த அவர் மகன், என் மைத்துனர், அன்றே தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "அடுத்த கன்னு போட்டதும் நீங்களா உக்காந்து கறந்து, எதையும் பிடிக்காம எந்திரிச்சீங்கன்னா மாடு இருக்கட்டும். இல்லன்னா மாட்டு யாவாரி வந்து ஓட்டிட்டுப் போயிருவாரு. நீங்க இடுப்பெலும்ப ஒடிச்சிக்கிட்டா நான் ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாது."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதனால்தான் மாமனாரால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

செவலை அப்போது நிறைசினை. கன்று போட இரண்டு மாதம் இருந்தது. பால் கறப்பதை நிறுத்தியாகிவிட்டதால் மாமனாருக்கும் வேலை இல்லை. என் மனைவி ஊருக்குப் போய், "அங்கன வந்து ரெண்டு மாசம் நடுங்கிட்டுப் போங்கய்யா" என்று அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மகள் வீட்டில் அத்தனை நாள் தங்கக் கூசிக்கொண்டு, ஒரு கட்டு பருத்திமாறையும் விறகுக்கு ஆகும் என்று பஸ்ஸில் போட்டுக்கொண்டு வந்தார்.

சிக்கல் முதல் நாளே ஆரம்பித்தது.

எங்கள் பக்கம் மாப்பிள்ளையைக் கண்டால் மாமனார் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டுத்தான் பேசுவார். அவர் அதில் ரொம்பக் கறார். கல்யாணம் ஆகிப் பதினெட்டு வருடத்தில் நான் அவருடைய முழங்காலைப் பார்த்ததில்லை. ஆனால் குத்தவைக்க வேண்டுமென்றால் வேட்டியை மடித்துக் கட்டித்தானே ஆக வேண்டும்? மேடம் மடித்துக் கட்டச் சொல்வார், கட்டுவார். நான் சுவிட்ச் போட வருவேன். கை தன்னால் போய் அவிழ்த்துவிடும். உட்காரும்போது வேட்டி காலுக்கடியில் மாட்டி, எழும்போது இழுக்கும். அவர் பாதியிலேயே கைப்பிடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நடுங்குவார்.

"சார், வேட்டி!" என்றார் மேடம்.

"மாப்... மாப்... மாப்பிள்ள நிக்காவள்ளா" என்றார் பலகை மேலிருந்து.

"மாப்பிள்ளதான, புலியா?" என்றார் பக்கத்து மெஷினில் நின்ற பாய். "அவிய பச்சப்புள்ள மாதிரி இருக்காவ. அவியளுக்குப் போயி பயப்படுதீரே அண்ணாச்சி!"

"பயம் இல்ல பாய். முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

எழும்போது நான் கை கொடுக்கப் போனாலும் அதே கதைதான். மாப்பிள்ளை கையைப் பிடித்து எழுவதா என்று தட்டிவிடுவார். நான்கு நாள் இப்படியே போனது. வீட்டில் என் மனைவி, "என்ன, தேறுதாவளா?" என்று கேட்டபோது, நான்தான் இடைஞ்சல் என்று எப்படிச் சொல்வது?

ஐந்தாம் நாள் எனக்கு ஒன்று தோன்றியது. சுவிட்சைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். பின்னால் வேட்டியை மடித்துக் கட்டும் சரசரப்புக் கேட்டது.

"ஒண்ணு" என்றேன்.

அப்போதுதான் கவனித்தேன். சத்தம் நன்றாகவே வந்தது. ஆளைப் பார்க்காமல் சுவரோடு பேசினால் எனக்குக் கூச்சமே இல்லை.

"ஒண்ணுன்னு சொல்லாதீங்க மாப்பிள்ள" என்று பின்னாலிருந்து நடுங்கிக்கொண்டே குரல் வந்தது. "கம்பு அளக்கும்போது மொத மரக்காலுக்கு ஒண்ணுன்னா சொல்லுவோம்? லாபம்னு ஆரம்பிங்க."

"லாபம்" என்றேன். "ரெண்டு. மூணு."

அன்றிலிருந்து கிட்டங்கியில் எல்லோருக்கும் நான் சுவரைப் பார்த்துத்தான் எண்ணினேன். பாயும் லாபம்தான் கேட்டார். கடையில் இவ்வளவு நாள் கிடைக்காத லாபம் இங்கே காலையில் வந்ததும் கிடைக்கிறது என்பார். மேடம் முதலில் சிரித்தார். பிறகு அவரும் லாபம் என்றே எண்ணத் தொடங்கினார்.

மாமனாருக்குப் பின்னால் முதலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தோம். பிறகு முக்காலி. மாமனாருக்கு அவசரம். "அரகொறயா உக்காந்தா மாடு பாலு குடுக்குமாம்மா? முழுசா உக்காருதேன்" என்று அடம் பிடித்தார். "மெஷின் மேல பாதிதான். முழுசா உக்காருறதெல்லாம் தரையில, நான் சொல்றப்ப" என்றார் மேடம். அதனால் மெஷினை விட்டு இறங்கியதும் தரையில் செங்கல் அடுக்கி, அதன் மேல் உட்கார்ந்து எழச் சொன்னார். நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு செங்கல்லை எடுப்பார். செங்கல் குறைந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. மேடம் அதைச் சுவரோரம் கொண்டுவந்து என் காலடியில் வைப்பார், அந்தக் கணக்கில்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போதுதான் மின்வெட்டு வந்து சேர்ந்தது. தினமும் காலையில் நாங்கள் தொடங்குகிற நேரமாகப் பார்த்து இரண்டு மணி நேரம் நிறுத்தினார்கள். மெஷின் நின்றதும் பலர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மாமனார் போகவில்லை. அசையாத பலகை மேல் ஏறி நின்றுகொண்டு, "கரண்டு இல்லன்னா என்ன, மாப்பிள்ளைக்கு வாய் இருக்குல்லா? எண்ணச் சொல்லுங்க" என்றார். பாயும் ஏறினார். கிட்டங்கி இருட்டில் நான் சுவரைப் பார்த்து எண்ண, பின்னால் இரண்டு கிழவர்கள் மூச்சுவாங்க உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார்கள். கரண்டு வந்த பிறகு நடுக்கத்தோடு இன்னொரு முறை.

அதனால் அவரைத் தேற்றியது நடுக்கமா குத்தவைப்பா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மேடத்திடமே ஒருநாள் கேட்டேன். "மெஷின் ஒத்தாசைதாண்ணே. உக்காந்து எந்திரிக்கிறது அவங்கதான்" என்றார். மெஷின் விற்க வந்தவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

கன்று போட ஒரு வாரம் இருக்கும்போது மாமனார், "நேரத்துல நான் பக்கத்துல இல்லன்னா அது தேடும்" என்று ஊருக்குக் கிளம்பிவிட்டார். அன்று என் காலடியில் இருந்த செங்கல்களை எண்ணினேன். முதலில் அடுக்கிய கணக்கில் ஒன்று குறைந்தது. கடைசிச் செங்கல் எடுக்கப்படவே இல்லை.

ஒருநாள் பொழுதடையும் நேரத்தில் மைத்துனரிடமிருந்து போன் வந்தது. "கிடேரிக் கன்னு. நாளைக்கு விடிஞ்சதும் மொதக் கறவை. யாவாரியும் வாரேன்னிருக்காரு."

அவ்வளவுதான் சொன்னார். என் மனைவிக்குத் தலைக்கு மேல் வேலை. "நீங்க போயிப் பாத்துட்டு வாங்க" என்றாள். முதல் பஸ்ஸைப் பிடித்தேன். இரண்டு நாள் முன்னால் பெய்த மழையில் கரிசல் பாதை செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டது. இரண்டு செருப்பையும் கையில் தூக்கிக்கொண்டு, காலில் அரைக்கால் படி மண்ணோடு போய்ச் சேர்ந்தேன்.

தொழுவில் மைத்துனர் தூணில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கன்று ஒரு பக்கம் கட்டிக் கிடந்தது. செவலைக்குப் பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேட்டியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டி, மாமனார் முழுசாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். அடியில் செங்கல் இல்லை. சீம்பால் செம்பில் விழும் சத்தம் கேட்டது.

சத்தம் போடாமல் நிற்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நாய் குரைத்துவிட்டது. அவர் தலையைத் திருப்பினார், என்னைப் பார்த்தார்.

செம்பை ஒரு கையில் பிடித்தபடி அப்படியே எழுந்தார். மாட்டைப் பிடிக்கவில்லை, தூணைப் பிடிக்கவில்லை, முழங்காலில் கூடக் கையை ஊன்றவில்லை. எழுந்த வேகத்தில் இன்னொரு கையால் வேட்டியை அவிழ்த்துவிட்டார்.

"வாங்க மாப்பிள்ள."

எனக்கு வாயில் வந்தது லாபம் என்ற சொல்தான். விழுங்கிக்கொண்டேன்.

மைத்துனர் கட்டிய கையை அவிழ்த்தார். மாமனாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாவாரி பஸ் ஏறுறதுக்குள்ள சொல்லணுமே. போன எங்கன வச்சேன்?" என்று முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

மாமனாருக்கு அதெல்லாம் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. செம்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"இன்னும் பாதி மடி கெடக்கு" என்றார். "கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிக்கிடுங்க மாப்பிள்ள."

நான் தொழுவோரம் குவித்திருந்த சோளத்தட்டைப் படப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.