மேகத்துக்கு வைத்த வாளி

"நீ போறதுன்னா நானும் வரேன்" என்று நான் சொன்னது மிரட்டலுக்குத்தான். எங்கள் வீட்டில் பிள்ளைகளை அப்படிச் சொல்லித்தான் நிறுத்துவோம். என் மகன் நிற்கவில்லை. "வாம்மா. பாஸ்போர்ட் இருக்குல்ல?" என்றான்.

கப்பலில் பார்த்த இன்ஜினியர் வேலையை விட்டுவிட்டு, மாலத்தீவில் ஒரு வெள்ளைக்காரரிடம் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருந்தான். அங்கிருந்து சீஷெல்ஸ், பிறகு ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மேற்கே போவதாகத் திட்டம். அதுவும் தனியாக. எனக்கு நீச்சல் தெரியாது. அரியலூரில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்துகிறேன். சுண்ணாம்புக் குவாரியில் கிடைக்கும் கிளிஞ்சல் கல்லைக் காட்டி, இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்று சொல்வதோடு எனக்கும் கடலுக்குமான உறவு முடிந்தது. ஆனாலும் கோடை விடுமுறையில் கிளம்பினேன். சீஷெல்ஸ் போய்ச் சேர்வதற்குள் அவன் மனதை மாற்றி, படகை அங்கேயே விற்க வைத்து, ஊருக்குக் கூட்டிவந்துவிட வேண்டும்.

"நடுக்கடல்ல வெச்சுப் பேசு. எந்திரிச்சு எங்க போயிடுவான்?" என்றார் என் வீட்டுக்காரர்.

படகு எங்கள் ஊர் மினி பஸ்ஸைவிடச் சற்று நீளம். உள்ளே அந்த அளவு இடம்கூடக் கிடையாது. முதல் சில நாட்கள் வாந்தி எடுத்தே போயின. பிறகு உடம்பு பழகியது. கடலில் விழாமலிருக்க இடுப்பில் வார் மாட்டி, அதன் கொக்கியைக் கம்பியில் கோத்துக்கொண்டுதான் மேலே உட்கார வேண்டும். வாளியில் கடல் தண்ணீர் மொண்டு குளித்தால் காய்ந்ததும் தோலில் உப்புப் பூக்கும். நல்ல தண்ணீர் குடிக்க மட்டும். பாதிக்குப் பாதி கடல் தண்ணீர் ஊற்றித்தான் சோறு. குக்கரை அடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தான். அடுப்பும் குக்கரும் ஊஞ்சல்போல ஆடிக்கொண்டே விசில் அடிக்கும். ஊரிலிருந்து கொண்டுபோன சின்ன வெங்காயம் தலைக்கு மேலே ஒரு வலைப்பையில் ஆடும். துணி எதுவும் முழுசாகக் காயவே இல்லை.

வீட்டுக்காரர் சொன்னது நடக்கவில்லை. ஒருவர் தூங்கினால் மற்றவர் விழித்திருக்க வேண்டும் என்பது படகின் சட்டம். இரவு முழுக்க அவன் உட்காருவான், பகலில் நான். காற்றைப் பார்த்துத் தானாகவே சுக்கானைத் திருப்பும் கருவி ஒன்று இருந்ததால் எனக்குக் கண்ணைத் திறந்து வைத்திருப்பதுதான் வேலை. தூங்கப் போகும்போது தினமும் சொல்வான்.

"மூணே விஷயம்மா. கப்பல் தெரிஞ்சா எழுப்பு. காத்து மாறுனா எழுப்பு. அடியில சாம்பலாத் தொங்குற மேகம் வந்தா எழுப்பு."

நாங்கள் இருவரும் சேர்ந்து விழித்திருந்தது சாயங்காலச் சாப்பாட்டு நேரம் மட்டும். அப்போதுதான் ஆரம்பிப்பேன்.

"இத வித்துடேன் தம்பி."

"வித்துட்டு?"

"ரெட்டிபாளையத்துல சிமெண்ட் ஃபேக்டரில இன்ஜினியர் எடுக்கறாங்களாம்."

"சோத்துல உப்பு தூக்கலா இருக்கும்மா."

"கடலையே ஊத்தி வடிச்சிருக்கேன். அப்புறம் எப்படி இருக்கும்?"

சிரித்துவிடுவோம். அன்றைய பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஒருநாள் இரவு வரிசையாகக் கப்பல்கள் போனதில் அவன் ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை. விடிந்ததும் படுத்தவன், மூன்றாம் வகுப்புப் படிக்கையில் தூங்கிய மாதிரியே வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். மத்தியானத்துக்குப் பிறகு கிழக்கே ஒரு மேகம் எழும்பியது. நல்ல கறுப்பு. அடியில் சாம்பலாகத் தொங்கியது.

அரும்பாவூர்ப் பக்கம் எங்களுக்கு இருப்பது வானம் பார்த்த பூமி. மக்காச்சோளமும் பருத்தியும் போடுவோம். மேகம் கறுத்தால் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நிற்போம். யாரும் பேச மாட்டோம், பேசினால் கலைந்துவிடுமோ என்று. அன்றும் அப்படித்தான் எழுந்து நின்றேன். பிறகு வாளியை வைத்தேன். குக்கர் பாத்திரம், சோற்றுக் குண்டான் எல்லாவற்றையும் வைத்தேன். நிறையட்டும், அப்புறம் எழுப்பி நல்ல தண்ணீரில் தலைக்கு ஊற்றிக்கொள்ளச் சொல்லலாம். அதுவரை தூங்கட்டும்.

மழைக்கு முன்னால் காற்று வந்தது. படகு பக்கவாட்டில் சாய்ந்து, நான் உட்கார்ந்திருந்த பலகை சுவராகிவிட்டது. வாளி போய்விட்டது. தலைக்கு மேலே பாய் கிழிகிற சத்தம் கேட்டது. அவன் உள்ளிருந்து ஓடிவந்தான், இடுப்பில் வார் இல்லை. முட்டி போட்டுத் தவழ்ந்து பாய்மரத்துப் பக்கம் போனான். அதற்குள் மழை மறைத்துவிட்டது. கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் படகில் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் நான் இருந்தது கொஞ்ச நேரம்தான். அதிலிருந்து இன்னும் முழுதாக வெளியே வரவில்லை.

திரும்பி வந்தபோது நெற்றியில் ரத்தம். மிச்சமிருந்த குண்டானைப் பார்த்தான்.

"தண்ணி புடிச்சியாம்மா?" என்றான். குரலில் கோபமே இல்லை.

அதன் பிறகு அவன் உள்ளே படுக்கவில்லை. என் முறையிலும் பக்கத்திலேயே உட்கார்ந்து, தலை கவிழ்ந்து கவிழ்ந்து நிமிர்ந்தான். "நான் பாத்துக்கறேன்டா, படு" என்றால், "இருக்கட்டும்மா" என்பான். நானோ எந்த மேகத்தைப் பார்த்தாலும் கத்தினேன். "அது ஒண்ணுமில்லம்மா" என்று கண் திறக்காமலே சொல்வான். கிழிந்த பாயோடு படகு ஊர்ந்தது. கரை தெரிந்தபோது அவன் கண்கள் குழி விழுந்திருந்தன.

துறைமுகத்தில் உட்கார்ந்து பாயைத் தைத்துக்கொண்டிருந்தான். கடைசியாக ஒருமுறை கேட்டேன்.

"தனியா போகாதடா."

ஊசியை நிறுத்தினான். "தனியா இருந்தா தூங்கிடுவேம்மா. கப்பல் கிட்ட வந்தா கத்தற பெட்டி இருக்கு, அலாரம் இருக்கு. நீ இருந்தா உன்னையும் பாத்துக்கணும்."

எனக்கு இருந்த ஒரே வாதம் அதுதான், யாராவது கூட இருக்க வேண்டும் என்பது. மேகம் வந்த மத்தியானமே அதில் நான் தோற்றுவிட்டிருந்தேன். விமானம் ஏற்றிவிட வந்தபோது, "வெங்காயம் என்கிட்டயே இருக்கட்டும்" என்றான். வேறெதுவும் கேட்கவில்லை.

அரியலூர் ஸ்டேஷனில் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் வேறு யாரும் இறங்குகிறார்களா என்று பார்த்தார். பிறகு பையை வாங்கிக்கொண்டார்.

சாட்டிலைட் வழியாக தினம் ஒரு வரி அனுப்புவான், நல்லா இருக்கேன் என்று. நேற்று வரவில்லை. சாயங்காலம் ஃபேக்டரி பக்கமிருந்து மேகம் எழும்பியது. அரும்பாவூர்க் காட்டிலிருந்து வீட்டுக்காரர் ஃபோன் பண்ணினார். "அங்க கறுத்திருக்கா? இங்க நல்லா எறங்குது." அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டுப் பல மாதமாகிறது. "ம்" என்றேன். மாடியில் துணி நனைந்தது. போய் எடுக்கவில்லை.

இன்றும் இதுவரை ஒன்றும் வரவில்லை. "அசந்து தூங்கியிருப்பான்" என்கிறார். யார் எழுப்புவார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.