ஒரே ஃபைலுக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

"அழிச்சது லெட்சுமிதான்லா. ஃபைல்ல அவ பேருதான் இருக்கு. நாளையிலேருந்து வர வேணாம்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்."

நான் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. போர்ட் கிள்ளானில் கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனி அது. பேசியவர் முதலாளி நடராஜா. தொண்ணூறுகளில் அவருடைய கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள பிரிக்பீல்ட்ஸிலிருந்து போய்வந்தவன் நான்.

கண்டெய்னர் புக்கிங் ஃபைலில் பாதியைக் காணோம். சரக்கு கப்பலைத் தவறவிட்டது. அந்த ஃபைல் இருந்தது கீழ்த்தளத்துப் பழைய யூனிக்ஸ் மெஷினில். அதில் எழுதும் அனுமதி புக்கிங் கிளார்க் லெட்சுமிக்கு மட்டும்தான்.

லெட்சுமி அழவில்லை, கொதித்தார். "அண்ணே, அது மாறின நேரத்துல நான் சுங்க ஆபீஸ் கஸ்தம் கவுண்டர்ல நின்னுக்கிட்டிருந்தேன். இந்தக் கெட்ட பேரோட வெளிய போனா, இந்த போர்ட்ல எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. காரணம் தெரியாமல் நகர்வதில்லை என்று உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் லெட்சுமியின் பெயரில் யாரும் லாகின் செய்யவே இல்லை. அப்படியானால் அழித்த கை நெட்வொர்க் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

மாடியில் முதலாளி அறையில் வேறொரு வகை யூனிக்ஸ் மெஷின் புதிதாக வந்திருந்தது. NFS என்ற நெட்வொர்க் இணைப்பு மூலம் கீழ்த்தளத்து ஃபைல்கள் அதில் தெரியும். அங்கே போய் அதே ஃபைலைப் பார்த்தேன். சொந்தக்காரர் பெயர்: நடராஜா!

அலாமாக்! ls -n அடித்தேன். அது சொந்தக்காரரின் பெயரைக் காட்டாமல், மெஷின் அவருக்குக் கொடுத்த நம்பரைக் காட்டும். மேலேயும் கீழேயும் 201. NFS தூக்கிக்கொண்டு போவது நம்பரை மட்டும்தான். அது யார் நம்பர் என்பதை அந்தந்த மெஷின் தன் கணக்குப்படி சொல்லிக்கொள்ளும். பழைய மெஷினில் முதலில் உட்கார்ந்தவர் லெட்சுமி, அதனால் ஆட்களுக்கான முதல் நம்பர் 201 அவருக்கு. புதியதைப் பொருத்த வந்த ஆளிடம், "முதலாளிக்குத்தான் முதல் நம்பர்" என்று நடராஜாவே பக்கத்தில் நின்று அதே 201-ஐத் தனக்குப் போட வைத்திருக்கிறார்.

"பாஸ், இதுல நீங்க எதையாச்சும் அழிச்சீங்களா?"

"என் ஃபைலைத்தானே கிளீன் பண்ணேன்? என் பேருதான் போட்டிருந்துச்சு..." நான் விளக்கிச் சொன்னேன்.

"சரி, அப்போ லெட்சுமிக்கு வேற நம்பர் போட்டுடு," என்றார். மனுஷனுக்கு அப்போதும் இறங்கி வர மனமில்லை.

அறை வாசலில் லெட்சுமி நின்றிருந்தார். "நம்பரை அப்புறம் பாக்கலாம் பாஸ். எல்லார் முன்னாலயும்தானே சொன்னீங்க? இதையும் எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன். பிறகு எழுந்து கீழே போனார். கிளார்க்குகள், லோரி டிரைவர்கள் எல்லோரும் இருந்தார்கள். "லெட்சுமி அழிக்கல. நான்தான் அழிச்சிட்டேன்," என்றார்.

இருவகை யூனிக்ஸை இணைக்கப்போகும் தம்பி, தங்கைகளுக்குச் சொல்கிறேன்: எல்லா மெஷினிலும் ஒருவருக்கு ஒரே நம்பரைக் கொடுங்கள். திரையில் தெரியும் பெயரை நம்பி யார் வயிற்றிலும் அடித்துவிடாதீர்கள்.

அன்றே புதிய மெஷினில் நம்பர்களை மாற்றினேன். 201 லெட்சுமிக்கே போனது.

"எனக்கு எது?" என்று கேட்டார் நடராஜா.

"கடைசி நம்பர், பாஸ்."