அப்பாவுக்கு ஒரு ஆணி

வீட்டுக்காரர்கள் மேல் லோசாவுக்கு இருந்த கோபமெல்லாம் ஒரே ஓர் ஆணியில் வந்து நிற்கும். மெல்பர்னுக்கு மேற்கே பதினாறு வருஷம், ஐந்து வாடகை வீடு. ஐந்திலும் அதே கறார்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஒருமுறை ஒட்டுக் கொக்கி வாங்கி அப்பா படத்தை மாட்டிப் பார்த்தாள். ராத்திரியோடு ராத்திரியாக விழுந்து கண்ணாடி விரிசல் விட்டது. அதிலிருந்து அப்பா அலமாரிக்குப் பக்கத்தில் தரையில்தான் சாய்ந்து நின்றார். தூசி துடைக்கக் குனியும்போதெல்லாம், "மன்னிச்சிருங்கப்பா" என்பாள்.

லோசாவின் ஊர் பசிபிக் தீவான சமோவா. சமோவாக்காரர் வீட்டில் பெற்றவர் படம் எல்லார் தலைக்கும் மேலே இருக்க வேண்டும். தரையில் வைப்பதாவது! அப்பா கண்ணை மூடியபோது கொரோனாவுக்காக எல்லைகளை அடைத்திருந்தார்கள், விமானம் இல்லை. அடக்கத்தைக் கைபேசியில்தான் பார்த்தாள், அதுவும் பாதியில் அறுந்துபோனது. சொந்தச் சுவரில் அவரை ஏற்றி வைத்தால்தான் தன் நெஞ்சு ஆறும் என்று லோசா நம்பினாள். வீடு வாங்கியதே அதற்குத்தான். சமையலறை, குளியலறை எல்லாம் கூடவே வந்தவை.

வாங்கியது வீட்டை அல்ல, வரைபடத்தைத்தான். "குளம் தாண்டி ரெண்டாவது திருப்பம், வலது கைப்பக்கம் மூணாவது மனை" என்று விற்பனைக்காரப் பெண் தாளில் விரல் வைத்துக் காட்டினாள். தெருக்களுக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. மார்ச் மாதம் அங்கே மரச்சட்டங்கள் எழும்பின. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் லோசா வெள்ளை உடுப்பும் தொப்பியுமாகக் கம்பி வேலியின் இடைவெளியில் நுழைந்து உள்ளே போவாள். போகக் கூடாது என்றுதான் பலகை சொல்லும். அந்தப் பக்கத்தில் வீடு கட்டுகிற எவர் அந்தப் பலகையை மதித்தார்?

"சுவரே இல்ல, சுத்திக்கிட்டு வாசல் வழியா வர்றியே?" என்பான் கணவன் ஃபிலிப்போ.

"என் வீட்டுக்குள்ள நான் வேற எப்படி வருவேன்? நீயும் செருப்பைக் கழட்டிட்டு வா!"

பாயை விரித்து, தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையைப் பிரித்து வைப்பாள். கூரை இல்லாத சமையலறைக்கு மேலே மேகம் ஒன்று வரும், மெல்லக் கூடத்துக்குப் போகும், பிறகு படுக்கையறைக்கு. சட்டங்களின் நிழல் அவள் மடியில் கோடு கோடாக விழும். பைன் மர வாசனையில் கண் சொக்கும். ஒருநாள் அப்படியே தூங்கிவிட்டாள். அப்பா கடலில் நனைந்த காலோடு உள்ளே வந்தார். எங்கே உட்காரலாம் என்று சுற்றிலும் பார்த்தார். விழித்தவள் ஃபிலிப்போவிடம் பென்சில் வாங்கி, கூடத்துத் தடித்த சட்டத்தில் அப்பா பெயரைப் பெரிதாக எழுதினாள்: பெசாமினோ, இங்கே.

இதற்கு நடுவே கட்டுமானக் கம்பெனியிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. மழையினால் தாமதம், கான்கிரீட் தளம் அடுத்த மாதம்தான் போடப்படும் என்று. ஃபிலிப்போ வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"தளம் போடலையாம்ல?"

"இவனுங்களுக்குத் தாங்க கட்டுற வீடே எதுன்னு தெரியல. கூரை வந்தாச்சு, ஜன்னல் வந்தாச்சு."

"போன் பண்ணிக் கேட்டுருவமா?"

"என்னன்னு? வீடு ரொம்ப வேகமா வளருதுன்னா?"

ஐயோ லோசா! ஒரு போன் போட்டிருக்கலாம்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, கூடத்தில் ஒருவர் ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். கார்மெனு, மால்டாக்காரர், பேருந்து ஓட்டுபவர், மனைவியை இழந்தவர். மடியில் பீங்கான் பலகை ஒன்று. மால்டாக்காரர்கள் வீட்டுக்குப் பெயர் வைப்பார்கள். இவர் வைத்திருந்தது மனைவியின் பெயர்.

"என் வீட்டுல நீங்க என்ன செய்றீங்க?" என்றாள் லோசா.

"அதைத்தாம்மா நானும் கேக்கணும். பெசாமினோ யாரு? எவனோ தச்சன் காதலிச்சுட்டு எழுதிட்டுப் போயிட்டான்னுல்ல நெனச்சேன்!"

இருவரும் காகிதங்களை எடுத்தார்கள். ஒரே கம்பெனி, ஒரே வரைபடம். மனை எண்தான் வேறு. லாரி போகப் போட்ட மண்பாதையையும் லோசா ஒரு திருப்பமாக எண்ணிவிட்டிருந்தாள். அவள் மனை அடுத்த திருப்பத்தில் இருந்தது. மூவரும் போய்ப் பார்த்தார்கள். முழங்கால் உயரம் முட்செடி, நாலு மூலையில் நாலு முளைக்குச்சி, யாரோ கொட்டிப்போன மணல். கம்பெனி பொய் சொல்லவே இல்லை.

லோசா தொப்பியோடு அந்த மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அப்பாவைத் திரும்பவும் தரைக்கு இறக்கிவிட்டது போலத்தான் இருந்தது அவளுக்கு. கேலி பேசியே பழகிய ஃபிலிப்போ அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

கார்மெனு தயங்கித் தயங்கிக் கேட்டார். "நாளைக்குப் பலகை அடிச்சுச் சுவரை மூடப்போறாங்கம்மா. அந்தப் பேரை அழிச்சிரவா?"

லோசா எழுந்தாள். முட்செடிக்குள் இறங்கி, வாசல் இருக்க வேண்டிய இடத்துக்குச் சுற்றிப் போனாள். செருப்பைக் கழற்றினாள். இது நடை, இது சமையலறை என்று கால் தடுமாறாமல் நடந்து, கூடத்தில் நின்றாள். ஐந்து மாதம் வாழ்ந்த வீடல்லவா, அளவு காலுக்கே தெரிந்திருந்தது.

"இங்கதான் எங்கப்பா" என்றாள். "ஆனா இங்க இப்ப சுவரே இல்லையே."

கார்மெனு சட்டென்று சொன்னார். "என்கிட்ட இருக்கே. உங்க வீடு எழும்புற வரைக்கும் அவரு அங்கயே இருக்கட்டும்."

அக்டோபரில் கார்மெனு குடிவந்தார். சமோவாப் பிள்ளைகள் வெள்ளை உடுத்திப் பாட்டுப் பாடும் ஞாயிறு அது. லோசா பூமாலை சுற்றிய படத்தைக் குழந்தையைப் போல் நெஞ்சோடு அணைத்து எடுத்துவந்தாள். வாசலில் கார்மெனுவின் மனைவி பெயர் பளபளத்தது. கூடத்துச் சுவர் வெள்ளை வெளேரென்று மூடியிருந்தது. பெயர் எழுதிய சட்டம் எங்கே என்று யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை, அவளே கை வைத்தாள்.

கார்மெனு சுத்தியலை அவளிடமே நீட்டினார். அவள் ஆணியைச் சுவரில் ஊன்றினாள். பதினாறு வருஷப் பழக்கம், ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன பாக்குறீங்க?" என்றார் அவர். "வீட்டுக்காரன் சொல்றேன், அடிங்க."